எச்சரிக்கை வராத வார்டு

‘இந்த வாரம் எச்சரிக்கையை மீறியவர் எவரும் இல்லை. தலைமை மருத்துவர் மகிழ்ச்சி தெரிவித்தார். அனைவருக்கும் மைசூர்பாகு.’ ஒரு புரட்டாசித் திங்கட்கிழமை, பெரம்பலூரில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் காலைக் கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பு இது. எதையும் தேதியிட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ஆளை அடையாளம் காட்டிவிடும் என்பதால் ஆண்டை இங்கே விட்டுவிடுகிறேன்.

மருத்துவ விதிகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இன்ன நோய் உள்ளவருக்கு இன்ன மருந்தை எழுதினால் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழுந்து தடுக்கும். விதிகளை வகுத்தவர் தலைமை மருத்துவர். எந்த ஆய்வு ஆதாரம், யார் ஒப்புக்கொண்டது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இல்லாமல் ஒரு வரியைக்கூட ஏற்ற விடமாட்டார். அவர் மிகவும் பெருமைப்பட்ட விதி ஓர் ஊசியைப் பற்றியது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதை முழு அளவில் போட்டால் காது போய்விடும். ஆலத்தியூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் வேறெங்கோ அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, காது கேளாமல் இவரிடம் வந்தார். அன்றே தலைமை மருத்துவர் அந்த விதியை எழுதித் தந்தார். ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்ததுமே இதய வால்வின் கோளாற்றைச் சொல்லிவிடக்கூடியவர் அவர். காதின் அருமை அவருக்குத் தெரியும்.

எச்சரிக்கையை மீறி மருந்து கொடுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். எழுதியவர் பெயர் பதிவாகும். காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் தலைமை மருத்துவர் காரணத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கூட்டத்தில் வாசிப்பார். “டாக்டர் தம்பி, உங்க காலேஜ்ல கிட்னி பாடம் நடந்தன்னிக்கு லீவு போட்டுட்டீங்களா?” என்பார். தா.பழூரிலிருந்து வந்த மூத்த சிஸ்டரை ஒருநாள் எழுந்து நிற்கச் சொன்னார். “மிஷினுக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லியேம்மா. ஊர்லயே நெல்லு அவிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல? இன்னொரு தடவை உம் பேரு வந்துச்சுன்னா பஸ் ஏறிடு.” எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். “இனிமே வராதுங்க சார்” என்றார்.

வரவில்லை. அவர் பெயர் மட்டுமல்ல, யார் பெயரும் வரவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை எண். ஆய்வக முடிவு தாமதமானால் அந்த எண்ணைக் கையால் இட ஓர் இடம் உண்டு. அதில் ‘ஒன்று’ என்று இட்டால் நல்ல சிறுநீரகம் என்று பொருள்; சிவப்புக் கட்டம் எழாது. வார்டு முழுவதும், வந்த நோயாளிக்கெல்லாம் ‘ஒன்று’ இட்டார்கள். கையால் இட்ட எண் இருந்தால் கணினி ஆய்வக எண்ணைப் பார்க்காது. நோயாளி காத்திருக்கக் கூடாதென்று அந்த ஏற்பாட்டைச் செய்தவரும் தலைமை மருத்துவர்தான். திரை அமைதியாக இருந்தால் மருந்து சரி என்று நம்ப இளம் மருத்துவர்கள் பழகிக்கொண்டார்கள். மைசூர்பாகு அதற்குத்தான்.

அந்த ஐப்பசியில் தலைமை மருத்துவருக்கே குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீரில் தொற்று. நினைவு தப்பிய நிலையில் அவருடைய வார்டிலேயே சேர்த்தார்கள். தமக்குச் சிறுநீரகம் பழுதாகி வருவதை அவர் எங்களில் யாரிடமும் சொன்னதில்லை. சிஸ்டர் ‘ஒன்று’ இட்டார். இளம் மருத்துவர் அந்த ஊசியை முழு அளவில் நாள்தோறும் போட எழுதினார். திரை அமைதியாக இருந்தது. காய்ச்சல் இறங்கி அவர் எழுந்து உட்கார்ந்தபோது, சுற்றி நின்ற நாங்கள் வாயை மட்டும் அசைப்பதாக நினைத்து, விளையாடுகிறோம் என்று திட்டினார்.

விசாரணையில் சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: “எல்லாருக்கும் போடுறதத்தாங்க சாருக்கும் போட்டேன்.” வார்டு முழுவதையும் வேலையைவிட்டு நீக்க முடியாது; எனவே அவரையும் நீக்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். கூட்டத்தில் இப்போது பெயர் வாசிப்பதில்லை.

தலைமை மருத்துவர் அரியலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். “அலர்ட் வந்துச்சா, வரலியா?” என்று வீடே அதிரக் கேட்டார். ‘வரவில்லை’ என்று எழுதிக் காட்டினேன். “அப்ப ரூல்ல தப்பு இல்ல” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்ததுபோலத் தெரிந்தது.

ஒன்றை மட்டும் அவரிடம் எழுதிக் காட்டவில்லை. சேர்த்த அன்று மாலையே அவருடைய ரத்த முடிவைப் பார்த்துப் பதறி, வார்டுக்குப் போன் செய்து, சிஸ்டரிடமே எண்ணைச் சொன்னதாக ஆய்வகத்துக்காரர் சொல்கிறார். சிஸ்டரிடம் நான் இரண்டு முறை கேட்டேன். “அவரு சொன்னேங்கறாரு. எனக்குக் கேக்கலீங்க” என்றார், இரண்டு முறையும் அதே சொற்களில். வார்டுக்குள் வரும் அழைப்புகளுக்குப் பதிவு கிடையாது. அந்த எண் சிஸ்டர் காதில் விழுந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.