நாலரை மணிக் காற்று

என் பால்கனிக் கம்பியில் ஒரு காற்றாடி கட்டியிருக்கிறது. பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார், ஃபைல் அட்டையை வெட்டி ஒட்டிய ஆறு இறக்கைகள், ஒயர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு. வேப்பம்பட்டில் நான் மட்டும் இருக்கிற இந்த ஃபிளாட்டுக்கு எப்போதாவது வருகிறவர்கள், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.

அம்பத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது செய்தது இது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தெம்பில், வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் சக்தி எடுப்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன். முதலில் அட்டைப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் ஒட்டி, வெயிலில் வைத்து ஒரு முட்டையை வேகவைத்தோம். நாற்பது பேருக்கு ஒரு முட்டை. ஆளுக்குக் கடுகளவு கிடைத்திருக்கும். அந்த வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது காற்றாடி. இரண்டாம் மாடி வராந்தா கிழக்கு மேற்காக நீளும், இரண்டு கோடியிலும் வெறும் கம்பிதான். மேற்குக் கோடியில் கட்டினோம். மேற்கிலிருந்து அடிக்கும் ஜூன் மாதத்து மேல்காற்றில் அது சுற்றிய சுற்றுக்குப் பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். விளக்கு மட்டும் எரியவில்லை. மோட்டாரைக் குறை சொன்னேன், தொழிற்பேட்டைப் புழுதியைக் குறை சொன்னேன், கடைசியில் "காத்து பத்தலை" என்றேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய காற்றில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள்.

ஆயம்மாதான் வந்து சொன்னார். பள்ளியைக் கூட்டித் துடைத்து, எல்லோரும் போன பிறகு அறைகளைப் பூட்டிவிட்டுக் கடைசியாகப் போகிறவர். "ஆயம்மா, இங்க தண்ணி கொட்டிடுச்சு" என்பதற்கு மேல் நாங்கள் யாரும் அவரிடம் பேசியதில்லை. ஒரு நாள் காலை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், நீங்கள்லாம் போனப்பொறம் அது எரியுது டீச்சர். செவப்பா எரிஞ்சிகினு கீது. ஒரு நாளு இருந்து பாருங்க."

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நாற்பது பேர் கண்ணுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுதா ஆயம்மா? முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அதோடு விடாமல் ஆசிரியர் அறையிலும் போய்ச் சொன்னேன். எனக்கு அப்போது அப்படி ஒரு வாய். "ஆயம்மா, நேத்து விளக்கு எரிஞ்சுதா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். "எரிஞ்சிது டீச்சர்" என்று ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே பதில் சொல்வார். ஒரு நாள் மட்டும் என்னிடம், "பொய் சொல்லி எனுக்கு இன்னா டீச்சர் ஆவப்போவுது? ஒரே ஒரு நாளு இருந்து பாருங்க" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த நாலு இருபது ரயிலை விட்டால் அடுத்தது சற்று நேரத்தில் வரும். வீட்டில் எனக்காகக் காத்திருக்கவும் யாருமில்லை. இருந்தும் தினமும் ஓடினேன். காலி வீட்டைத் திறக்க அப்படி என்ன அவசரமோ, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஆகஸ்டில் துப்புரவு வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். ஆயம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்பதை மதிய உணவின்போது யாரோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் சிக்னல் கோளாறில் ரயில்கள் நின்றுபோயின. பிளாட்பாரக் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் பள்ளிக்கே திரும்பி, காற்று வாங்கலாம் என்று மாடி ஏறினேன். வராந்தாவின் மேற்குக் கோடியில், காற்றாடியைப் பார்த்தபடி ஒரு தகர ஸ்டூல் கிடந்தது. அதன் பக்கத்தில் ஆசிரியர் அறை நாற்காலி ஒன்று. யாருக்காகப் போட்டது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாலரை மணி இருக்கும், மேல்காற்று அடங்கி இறக்கைகள் நின்றன. பிறகு என் முதுகுப் பக்கமிருந்து, கிழக்கே இருந்து, சில்லென்று கடல்காற்று வந்தது. நின்ற காற்றாடி எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன விளக்கில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். நான் அதன் கம்பிக் கால்களை மாற்றி இணைத்திருந்தேன். காற்றாடி எதிர்ப்பக்கம் சுற்றினால் மின்சாரமும் எதிர்ப்பக்கம் பாயும். காலைக் காற்றுக்கு எரியாதது மாலைக் காற்றுக்கு எரிந்திருக்கிறது, தினமும், ஆயம்மா ஒருவருக்காக. "ஆயம்மா" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். மூன்று மாடியிலும் யாரும் இல்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் விளக்கினேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "அப்போ ஆயம்மா பொய் சொல்லலை. அவங்ககிட்ட சாரி சொல்லிட்டீங்களா மிஸ்?" என்றாள். அலுவலகத்தில் போய்க் கேட்டபோதுதான், அவர் பெயரைக்கூட நான் தெரிந்துகொள்ளவில்லை என்பது உறைத்தது. முகவரி வாங்கிக்கொண்டு சென்னீர்குப்பம் போனேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. "அந்தம்மா புள்ளையாண்ட பூட்டாங்க. எந்த ஊர்னு தெர்ல" என்றார்கள்.

ஓய்வு பெற்ற அன்று காற்றாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசல் கதவையும் பால்கனிக் கதவையும் திறந்து வைத்தால் கடல்காற்று வீட்டுக்குள் புகுந்து பால்கனி வழியாக வெளியேறும். கடலிலிருந்து இன்னும் தள்ளியிருக்கும் வேப்பம்பட்டுக்கு அது வந்துசேர ஐந்து ஐந்தரை ஆகிவிடுகிறது. விளக்கின் கால்களை மாற்றிப் போட ஒரு நிமிஷம் ஆகாது, நான் மாற்றவில்லை. பால்கனியில் ஒரு ஸ்டூலும் ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறேன். ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொள்வேன். காற்று திரும்பி, அந்தச் சிவப்புப் பொட்டு எரிந்ததும், "எரியுது ஆயம்மா" என்று வாய்விட்டுச் சொல்வேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, காலி நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.