சகலை கொடுத்த சென்ட் பாட்டில்

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். பாட்டிலில் இருந்த எழுத்தை என் சகலைதான் படித்துக் காட்டினார். என் பெண்டாட்டியின் அக்கா வீட்டுக்காரர். டவுனில் ஒரு சென்ட் கடையில் வேலை. நான் நல்லவாட்டுக் கடற்கரையில் மீன் எடுத்து, மொபெட்டில் பெட்டி கட்டி, பாகூர்த் தெருக்களில் விற்கிறவன்.

மாமியார் வீட்டில் கொழுந்தியாவுக்கு வளைகாப்பு. பந்தியில் நான் உட்கார்ந்ததும் சகலை இலையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆள் தள்ளிப் போனார். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ஊர் பார்க்க என் மேல் அடித்தார். பாண்டிச்சேரியையே பிழிந்து அடைத்ததாம். எலுமிச்சம்பழத் தோல், ஆரஞ்சுப் பூ, காலையில் பீச் ரோட்டில் அடிக்கிற காற்று.

"நீயே வெச்சிக்க. தெனிக்கும் அடிச்சிக்கபா. ஒன் பக்கத்துல ஒக்கார்றவனும் சோறு துன்னணும்ல."

பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு அது சீக்கிரம் வந்துவிடும். என் பெண்டாட்டி மட்டும் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தாள். அந்த மூடிய இலைக்காகத்தான் பிறகு நடந்ததெல்லாம்.

அதற்கு முன் என் புத்தியையும் சொல்லிவிடுகிறேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கழுத்து, அக்குள், சட்டை என்று அடித்துக்கொண்டு, மீன் பெட்டிக்கும் ஒரு அடி அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்றேன். செவுளைத் தூக்கிப் பார்த்தே வாங்குகிற ஒரு அக்கா பெட்டியைத் திறந்தாள்.

"இன்னாபா, மீனு செத்து எத்தினி நாளாச்சு? பூவும் எலுமிச்சம்பழமும் வெச்சு எட்டாந்துகிற?"

விடிகாலையில் கரையேறிய சங்கரா அது. ஆனால் எங்கள் பக்கம் மீனில் வேறு வாசனை வந்தால் அழுகலை மறைக்கிறான் என்றுதான் அர்த்தம். பேச்சு எனக்கு முன்னால் தெருத் தெருவாகப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க என் மீனை நானே தின்றேன்.

பாட்டிலை வீசவில்லை. வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக் காத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். என்னிடம் வாங்கக்கூடாது என்பதற்காகவே சகலை டவுனிலிருந்து ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்தார். பை தோட்டத்தில் துவைக்கிற கல் மேல் இருந்தது. பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு, கை கழுவப் போகிற சாக்கில் போனேன். பையின் மேல் இரண்டே அடி.

மாமியார் திறந்த வேகத்தில் மூடினார். காலையில்தான் வாங்கினேன் என்று சகலை சத்தியம் பண்ணினார். அவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. தினமும் அதிலேயே ஊறிய மூக்கு. கடைசியில் மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ பாத்து சொல்லு. மீனு நல்லாகீதா?"

செவுளைத் தூக்கினேன். ரத்தச் சிவப்பு. அப்படி ஒரு வஞ்சிரத்தை நான் விற்றதே இல்லை. சகலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார்.

"கொழந்தைங்க துன்ற சோறு, அத்த. பூனைக்குப் போட்ருங்க."

பக்கத்து வீட்டுப் பூனைகளும் வந்தன. எங்களுக்கு ரசமும் முட்டையும்தான். எனக்கு எச்சில் ஊறியதை என்ன சொல்ல, வஞ்சிரம் தின்கிற பூனையையே பார்த்துக்கொண்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். சகலை தலையைத் தூக்கவில்லை. என் பெண்டாட்டி ரசத்தையே இரண்டு தரம் வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.