பாடற்குழுவை விட்டுப் போன பிள்ளை

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு பங்குத்தந்தை என்னைச் சிறுவர் பாதுகாப்புக் குழுவில் போட்டார். மாதம் ஒரு கூட்டம், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இடைக்கிடை ஒரு வகுப்பு, கோயில் வாசலில் ஒட்டிய அறிவித்தலில் என் தொலைபேசி எண். நெடுநாளாக யாரும் அழைக்கவில்லை. அதை நிம்மதி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் என்னை மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கணவர் கடற்தொழிலாளி. மகள் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள்.

"ரீச்சர், அவள் இனிப் பாட்டுக்குப் போகமாட்டாளாம். எவ்வளவு கேட்டும் சொல்லேல்லை. நேற்றுத்தான் அழுதழுது சொன்னவள். பாட்டு மாஸ்ரர் தனியப் பழக்கவேணும் எண்டு மறிச்சு வைச்சு, தொட்டுத் தொட்டுக் கதைக்கிறாராம். அம்மாட்டைச் சொல்லாதை எண்டும் சொன்னவராம்."

பாடற்குழுவை நடத்தியவர் ஊரே மதித்த மனிதர். என் அம்மாவின் அடக்கப் பூசையில் பாடியவரும் அவர்தான்.

அன்று பின்னேரமே பங்குத்தந்தையின் அறையில் கூடினோம். குழுவில் என்னோடு ஒரு கன்னியாஸ்திரியும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவரும் இருந்தார்கள்.

"அவசரப்படாதேங்கோ," என்றார் முகாமையாளர். "முதல் நாங்கள் அவரோடை கதைச்சுப் பாப்பம். ஒரு குடும்பத்தின்ரை மானம்."

"பிள்ளைக்கும் ஒரு குடும்பம் இருக்கு, ஐயா," என்றார் சிஸ்ரர்.

விசாரிப்பது எங்கள் வேலையல்ல, உரிய இடத்தில் அறிவிப்பதுதான் என்று நான் சொன்னேன். வகுப்புகளில் எத்தனையோ தடவை சொன்ன வசனம். அன்று வாயிலிருந்து வரக் கஷ்டப்பட்டது. பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். பிறகு ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தார். பாடற்குழுவை நடத்தியவரை அந்தப் பொறுப்பிலிருந்து அன்றே நிறுத்தினார். மறுநாள் நான் தாயைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் அலுவலரிடம் கூட்டிப்போனேன்.

அதற்குப் பிறகு பூசையில் நான் இருக்கும் வாங்கில் யாரும் வந்து அமரவில்லை; இடம் தாராளமாக இருந்தது.

ஒருநாள் அந்த மனிதரின் மனைவி எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவர் சாப்பிடுறேல்லை, ரீச்சர். நான் சந்தைக்குப் போறேல்லை. உங்களுக்கு இப்ப திருப்தியோ?"

அவர் அழுது முடியுமட்டும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விசாரணை இழுபட்டது. வேறு இரண்டு தாய்மார் சிஸ்ரரிடம் வந்து இதேபோலச் சொன்ன பிறகுதான் ஊரின் பேச்சு அடங்கியது. ஆனாலும் யாரும் என்னிடம் வந்து எதுவும் கதைக்கவில்லை. பாடற்குழு அதன்பின் கூடவில்லை. பிள்ளையின் குடும்பம் வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போகத் தொடங்கியது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் தேநீர் போடக் குசினிக்குள் போனதும் பிள்ளை கேட்டாள்: "என்னாலைதானே ரீச்சர் பாடற்குழு நிண்டுபோச்சு?"

"இல்லை பிள்ளை. அவர் செய்ததாலை."

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மீண்டும் சொன்னேன். இன்னும் எத்தனை பேர் எத்தனை தரம் அவளுக்கு அதைச் சொல்லவேண்டி வருமோ என்று நினைக்கவே களைப்பாக இருந்தது.

குழுவிலிருந்து விலகுகிறேன் என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு வர யாரும் சம்மதிக்கவில்லையாம். இந்த மாதக் கூட்டத்துக்கும் நான்தான் போனேன்.