கட்டாரிப் பிடியில் ஒரு பூ

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருசம். எங்கள் ஊரின் பெரிய வயல்காரரான போடியார் இந்தியாவிலிருந்து பழைய கட்டாரிக் கத்தியொன்று கொண்டுவந்தார். இரும்புப் பிடியைக் கீறித் தங்கக் கம்பி அடித்துப் பதித்த பூக்களில் நாலைந்து உதிர்ந்திருந்தன. தட்டார் வேலை செய்த எங்கள் இருவரில் என்னை விட்டுவிட்டு, மச்சான் தம்பிராசாவிடம் வேலையைக் கொடுத்தார். எனக்கு வயிறெரிந்தது.

வேலை முடிந்ததும் போடியார் முன்னாலேயே பிடியைத் துருவிப் பார்த்தேன். கோணலான ஒரு பூவில் விரலை வைத்து, "இது மச்சான்ட வேலை. பழைய வேலைக்குக் கிட்டவும் வராது" என்றேன்.

"ஓம் மச்சான், கை பிசகிப் போச்சு" என்றான் தம்பிராசா.

போடியார் போனபிறகு மெல்லச் சொன்னான்: "அது பழைய பூ, மச்சான்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா, போடியார் இனி உனக்கு வேலை தருவாரா?"

அவன் பதித்த பூ எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கைமேல் இருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்த மனசுமேல் உள்ளதுதான் இன்னும் எரிகிறது.