புளி போட்ட துவக்கு

டென்மார்க்கில், பிராண்டே ஊரில் எந்தத் தமிழரிடம் போய் இராசநாயகம் வீடு எது என்று கேட்டாலும், "ஆரு, துவக்கு நாயகமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இறக்கைகளைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அவருக்கு. முப்பது வருடமாக அதே வேலை, அதே மேசை, அதே சாப்பாட்டுப் பெட்டி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறந்தநாள் வீட்டில் பலூன் வெடித்தால் மேசைக்குக் கீழே முதலில் போகிற ஆள் அவர்தான். டென்மார்க்காரர் வருடப் பிறப்புக்கு வாணம் விடுகிற இரவில் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறையில் குந்தியிருப்பார். அப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டில் பதினொரு துவக்கு இருக்கிறது என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

பயப்படாதீர்கள், ஒன்றும் களவில்லை. எல்லாம் நூற்றைம்பது, இருநூறு வருடத்துப் பழைய துப்பாக்கிகள். பொலிசுக்குத் தெரியும், பத்திரம் இருக்கிறது, இரும்பு அலுமாரி இருக்கிறது, அலுமாரிக்கு இரண்டு பூட்டும் இருக்கிறது. "ஒரு நாளாவது சுட்டுப் பாத்தியா மச்சான்?" என்று கூட்டாளி தவராஜா கேட்டபோது இராசநாயகம் திடுக்கிட்டுப்போனார்.

"சீச்சீ, சத்தம் கேக்குமே!"

இந்த விசர் எப்படித் தொடங்கியது என்றால், மகள் ஷர்மினிக்கு ஒரு பழைய சைக்கிள் தேடப்போய்த் தொடங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரன் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தான். மேசையில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் ஒரு கைத்துவக்கு கிடந்தது. மட்டக்களப்பில் இராசநாயகம் பார்த்த துவக்குகள் எல்லாம் அவரைப் பார்த்தபடிதான் இருந்தன. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அதன் வாயைத்தான் பார்த்திருக்கிறார். பண்ணைக்காரன் அதைத் தூக்கிச் சும்மா அவர் கையில் வைத்துவிட்டான். பாரமாக, குளிராக இருந்தது. பின்னால் யாருடைய விரலும் இல்லை. திருப்பினார், கவிழ்த்தார், குழலுக்குள் எட்டிப் பார்த்தார். அதனால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று, "ஃபார், கொம் நு!", அப்பா வாங்க என்று டேனிஷில் கத்திக் கையைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் வாங்கப்போனவர் துவக்கோடு வீட்டுக்கு வந்தார்.

ஆசை யாரை விட்டது? ஒன்று இரண்டானது, இரண்டு ஐந்தானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கோழி கூவ முதல் எழும்பி, "நேரம் போனா நல்லதெல்லாம் வித்திருவாங்க" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கார் எடுப்பார். ஒவ்வொன்றையும் கொண்டு வரும்போது மனைவி செசிலியாவின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறைதான். "இஞ்ச பாரு செசி, இதோட சரி." குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. ஷர்மினி படிக்கவென்று ஓகூஸ் நகரத்துக்குப் போன மாதமே அவளுடைய அறைக்குள் இரும்பு அலுமாரி ஏறிவிட்டது. அன்றைக்குச் செசிலியா ஒரு சபதம் எடுத்தாள்.

"இந்த அறைக்குள்ள நான் கால் வைக்க மாட்டன். தூசி துடைக்கிறதெண்டாலும் நீங்களே துடைங்க. துவக்குக்குப் பயந்து ஓடி வந்து, துவக்குக்கு அறை குடுத்திருக்கிற விசரன் உலகத்திலேயே என்ட புருசன்தான்."

சொன்னபடியே ஒன்பது வருடம் கால் வைக்கவில்லை. செசிலியா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். டேனிஷ் அவரைவிட அவளுக்கு நன்றாக வரும். அந்தோனியார் பக்தி உள்ளவள், சொன்ன சொல் மாறாதவள். அவர் துவக்கைப் பற்றி வாய் திறந்தால் போதும், அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அதனால் துவக்குச் சேகரிப்பின் முதல் பாடத்தைக்கூட அவளுக்குச் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. அதுதான் பிறகு வினையாகப் போயிற்று.

அந்தப் பாடம் என்னவென்றால், பழைய துவக்கை மினுக்கக் கூடாது. பித்தளையில் இருநூறு வருடமாகப் படிந்த கறுப்புக்குத்தான் மதிப்பு. அதை உரஞ்சி எடுத்தால் பிறகு அது வெறும் பித்தளை. இராசநாயகம் துவக்கைத் தொடும்போது வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார். தன் பிள்ளையைத் தூக்கும்போதுகூட மனுசன் அவ்வளவு பக்குவம் பார்க்கவில்லை.

பதினொன்றில் ஒன்றுதான் அவருடைய உயிர். பித்தளைப் பிடி போட்ட ஒரு கைத்துவக்கு, கல் உரசித் தீப்பொறி பறக்கிற வகை. பிடியின் அடியில் சின்னதாக ‘2’ என்று வெட்டியிருந்தது. ‘2’ இருந்தால் அதன் சோடி ‘1’ எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? இருந்தது. ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் நிக்கலஸ் என்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியாரிடம், அதன் பழைய மரப்பெட்டியோடு இருந்தது. ஒரு கண்காட்சியில் இராசநாயகத்தின் கைப்பேசியில் படத்தைப் பார்த்த நிக்கலஸ், அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே தொலைபேசி எடுத்தார். "உங்களுடையதை எனக்குத் தாருங்கள்." இவர் சொன்னார், "நீங்கள் உங்களுடையதைத் தாருங்கள்."

அப்போது பிடித்த பிடியை ஒன்பது வருடம் இருவரும் விடவில்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமசுக்கு, வாழ்த்து அட்டை வரும்: ‘மனம் மாறிவிட்டதா?’ இவரும் அனுப்புவார்: ‘இல்லை. உங்களுக்கு?’ ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனால், கோப்பி குடிக்கிறதைவிடக் கண்ணால் அளக்கிறதுதான் கூட. ஒரு செருப்புத் தொலைந்தவன் மற்றச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த கதைதான்.

போன இலையுதிர் காலத்தில் நிக்கலசே தொலைபேசி எடுத்தார். எண்பத்தொரு வயது. வீட்டை விற்றுவிட்டு ஒற்றை அறைக் குடியிருப்புக்குப் போகப்போகிறார். "என் பிள்ளைகளுக்கு இது வேண்டாமாம். சோடியாக ஒரு இடத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். ஆனால் முதலில் உங்களுடையது தொட்டுக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்."

இராசநாயகம் சமையலறைக்கு ஓடினார். "செசி! அந்த மனுசன் தாறானாம்! ஒண்டும் ரெண்டும் சேந்தா பிறகு எனக்கு வேற எதுவும் வேணாம். சத்தியமா இதோட சரி."

செசிலியா கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இந்த முறை மனுசனின் கண் கலங்கியிருந்தது. ‘இது கிடைத்தால் உண்மையாகவே அடங்கிவிடுவான் போல’ என்று அவளுக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. கிடைக்காவிட்டால் இந்த மனுசன் சாகும்வரை களஞ்சியம் களஞ்சியமாகத் திரியும் என்பதும் விளங்கியது.

"அப்ப வாற ஆளை வடிவா கவனிக்க வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இராசநாயகம் இரண்டாம் இலக்கத்தை அலுமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வைத்தார். அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிக்கலசை ஏற்றிவரக் கார் எடுத்துக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போனார். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், இடையில் கேக் வாங்குகிற நேரம் வேறு.

செசிலியா மேசையைப் பார்த்தாள். கறுத்து, பலாக்கொட்டைத் தோல் நிறத்தில் கிடந்தது அந்தச் சாமான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ‘ஒன்பது வருசமா இந்த மனுசன் ஒருக்காக்கூட மினுக்கல்லையே! வாற ஆள் என்ன நினைப்பான்? தமிழர்ட வீட்டில பித்தளை மினுக்கவும் தெரியாதெண்டு நினைப்பானே!’

பெருநாளுக்குக் கோயில் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது வருடா வருடம் அவள்தான். புளியைக் கரைத்தாள், உப்புப் போட்டாள், உரஞ்சத் தேங்காய்த் தும்பை எடுத்தாள். தும்பு போகாத மூலைக்கெல்லாம் பழைய பல்துலக்கி போயிற்று. ஒரு மணித்தியாலம் உரஞ்சி, கழுவி, துடைத்து, வெள்ளை விரிப்பின் நடுவில், கோப்பிக் கோப்பைகளுக்கு இடையில் வைத்தாள். வெயில் பட்டுத் தங்கம்போல் மின்னியது. அவளுக்கே பெருமை பிடிபடவில்லை.

கதவு திறந்தது. முதலில் நிக்கலஸ், நெஞ்சோடு அணைத்த பெட்டியோடு. பின்னால் இராசநாயகம், கேக்கோடு.

நிக்கலஸ் மேசையைப் பார்த்தார். அடுத்த அடி வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார். இராசநாயகம் எட்டிப் பார்த்தார். ஐயோ கடவுளே! கையில் இருந்த கேக் பெட்டி சரிந்து கதவு நிலையில் இடித்தது. திரும்பி வாயைத் திறந்தார். அப்போதுதான் செசிலியாவைக் கண்டார். பெருநாளுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் புளித் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. ‘எப்பிடி?’ என்று கேட்கிற முகம். ஒன்பது வருடத்தில் அவள் முதல் தடவையாக ஒரு துவக்கைத் தொட்டிருக்கிறாள்.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"யார் இதைச் செய்தது?" என்று கேட்டார் நிக்கலஸ்.

"நான்தான்" என்றார் இராசநாயகம் டேனிஷில். "நேற்று. நீங்கள் வருகிறீர்கள் என்று, புத்தி கெட்டுப்போய்."

சேகரிக்கிறவன் இப்படிச் சொல்வது, பூசகர் போய்ச் சாமி சிலையை நான்தான் உடைத்தேன் என்று சொல்வதற்குச் சமம். நிக்கலஸ் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். "நீங்களா? ஒன்பது வருடமாக நான் சுவரோடா பேசினேன்?"

"மன்னித்துவிடுங்கள். நானே உங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன்."

செசிலியாவுக்கு எல்லாம் விளங்கியது. தான் என்ன செய்துவிட்டோம் என்பதும், புருசன் என்ன செய்கிறார் என்பதும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கோபமும் வந்தது, தன்மேலேயே.

"பொய் சொல்கிறார்" என்றாள் பளிச்சென்று டேனிஷில். "நான்தான் செய்தேன். எங்கள் வீட்டில் பெரிய மனிதர் வந்தால் பித்தளை மினுக்குவோம். புளி போட்டு. உங்களுக்காகத்தான் செய்தேன். அவர் பாவம், வேண்டுமென்றால் என்னை ஏசுங்கள்."

நிக்கலஸ் ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு மெல்ல இருந்தார். இராசநாயகத்தின் கையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் இவர் செய்யவில்லை என்று. தூசி தட்டக்கூடக் கையுறை போடுகிறவர்" என்றார். பிறகு பெட்டியைத் தடவினார். "என் மனைவியும் ஒரு முறை துடைத்துவிட்டாள். ஒரு வாளை. என் பிறந்தநாளுக்கு. நான் கத்தினேன், அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். அதன் பிறகு அவள் அந்த அறைக்குள் வரவே இல்லை. முப்பத்தாறு வருடம். செத்துப்போகும்வரை வரவில்லை."

செசிலியா கோப்பியை ஊற்றினாள்.

ஒரு மிடறு குடித்துவிட்டு நிக்கலஸ் பெட்டியை மேசையில் வைத்து, தானே திறந்தார். பச்சைத் துணி விரித்த உட்பக்கம். கறுத்துப்போன ஒன்றாம் இலக்கம் தன் குழியில் கிடந்தது. பக்கத்துக் குழி வெறுமையாக இருந்தது. மினுங்குகிற இரண்டாம் இலக்கத்தை எடுத்து, இராசநாயகத்தின் கையில் கொடுத்து, "வையுங்கள்" என்றார். இராசநாயகம் கையுறை இல்லாத கையால் வைத்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. ஒன்று இரவு, ஒன்று பகல்.

"ஆனால் மற்றதுக்குப் புளி வேண்டாம்" என்றார் நிக்கலஸ். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இராசநாயகம் சிரித்துக்கொண்டே அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

நசுங்கிய கேக்கை வெட்டிக்கொண்டே செசிலியா தமிழில் கேட்டாள். "அப்ப, இதோட சரிதானே?"

"சத்தியமா சரி. அந்தோனியார் மேல சத்தியம்."

அவள் தலையாட்டினாள். ஆனால் கத்தியை வைத்த பிறகும் கண் பெட்டியை விட்டுப் போகவில்லை. இரண்டு துவக்குக்கும் நடுவில், உள்ளங்கை அளவில், சுரைக்காய் வடிவத்தில் இன்னொரு குழி இருந்தது. அது வெறுமையாக இருந்தது.

"இந்தக் குழியில என்ன இருந்தது?" என்று நிக்கலசைக் கேட்டாள்.

"வெடிமருந்துக் குடுவை. சின்னது. எனக்குப் பெட்டி கிடைக்கும்போதே இல்லை."

"பித்தளையா?"

"பித்தளைதான்."

இராசநாயகம் கேக்கையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த ஆறு நாளும் சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தானே. செசிலியாதான் அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து, கைகால் கழுவாமல்கூட அந்த அறைக்குள் போய், பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை, பொழுது விடிந்தும் விடியாமலும், வாசலில் கார் ஹோர்ன் கேட்டு இராசநாயகம் எழும்பி யன்னலைத் திறந்தார். செசிலியா சப்பாத்துப் போட்டு, குளிர்ச்சட்டை மாட்டி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள்.

"இன்னும் என்ன செய்றீங்க? கெதியா வாங்க. நேரம் போனா நல்லதெல்லாம் வித்திருவாங்க!"