சார்செலைத் தாண்டி ஒரு நீலப் பூவைத் தேடி

2015 ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுப் பூவைத் தேடி, பாரிசுக்கு வடக்கே இருக்கிற ஒறி-லா-வில் என்ற ஊருக்குப் போய் வந்தேன். நான் அதிகம் படிக்கவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

என்ரை மனுசன் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தவர். வீடு சார்செலில். 2013 ஆடியில் ஒருநாள் நாலு மணிக்கு வேலை முடிந்து ரயில் ஏறியவர், நித்திரையாகி, சார்செலைத் தாண்டி ஒறி வரைக்கும் போய்விட்டார். வீட்டுக்கு வர ஏழு மணி. "இஞ்சை பாருமப்பா, நீலப் பூவின்ரை கொட்டை" என்று கையை நீட்டினார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. "பிள்ளையைக் கூட்டிவர ஆளில்லாமல் நான் அலையிறன், உங்களுக்குப் பூவோ?" என்று ஏசினேன். திரும்பி வாற ரயில் பிந்திப் போச்சு என்றார்.

அடுத்த தையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். உடுப்புகளை மடிக்கும்போது ஜக்கெட் பையில் ஒன்பது கொட்டை கிடந்தது. காடை முட்டை மாதிரிப் புள்ளி போட்டவை. அவர் காட்ட வந்த பூவை ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்று நின்றேன்.

ஐந்தை நானே கெடுத்தேன். எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் கறிவேப்பிலை வளர்க்கிற மாதிரி, சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, அரிசி கழுவின தண்ணியும் புளிச்ச மோரும் ஊற்றினேன். அழுகிவிட்டது. 2015 பங்குனியில் மிச்சம் நாலையும் நகவெட்டி அரத்தால் லேசாக உரசி, ஓரிரவு ஊறவைத்து, மணல் கலந்த ஆழமான சாடியில் ஜன்னலுக்கு வெளியே போட்டேன். இரண்டு முளைத்தது. வேர் நேரே கீழே போகும், பிடுங்கி நட்டால் சாகும். அது தெரியாமல் ஒன்றை மாற்றி நட்டேன், போய்விட்டது. மற்றது ஜூனில் நீலமாகப் பூத்தது.

வீட்டுக்குக் கீழே இருக்கிற பூக்கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "லூப்பின். தோட்டப் பூ, யாரோ எறிஞ்சது" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு இலையைக் கடதாசிக்குள் வைத்துக்கொண்டு, என்ரை மனுசனோடு வேலை செய்த குகன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அவர் அன்று ஏறின கார் து நோர் ஸ்டேஷனிலேயே காலை 9.40க்கு ரயில் ஏறினோம். நாற்பது நிமிடம். மாதப் பாஸ் ஒறி வரைக்கும் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். போக மூன்று யூரோ அறுபது.

"அண்ணை, நித்திரை கொள்ளாதேங்கோ."

"அவன் நித்திரையிலை பிடிச்ச இடத்தை நாங்கள் முழிச்சிருந்து தேடுறம். எங்கடை கெட்டித்தனத்தைப் பாரும், தங்கச்சி."

ஸ்டேஷன் ஓரம் முழுக்கத் தேடினோம். ஒன்றுமில்லை. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் இலையைக் காட்டினேன். அவ சொன்னதை அண்ணை தமிழில் சொன்னார்: தோட்டத்து லூப்பினுக்கு இலை கைவிரல் மாதிரிப் பிரியும், விரல் அகலம், பத்துக்கு மேலே இருக்கும். இது ஊசி மாதிரி ஒடுக்கம், ஏழு. காட்டுச் செடிதான், ஆனால் காட்டுக்குள்ளே மணல் மேட்டுக்கு நடக்க வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் நடந்தோம். மேடு முழுக்க அந்தச் செடி முழங்காலளவில் நின்றது. நுனியில் கடும் நீலப் பூ, கீழே மயிர் படர்ந்த நெற்று. முழங்காலை மடித்து இருந்து இலைவிரலை எண்ணினேன். ஏழு. பக்கத்துச் செடியிலும் ஏழு. வெயிலுக்கு ஒரு நெற்று படீரென்று வெடித்து, புள்ளிக் கொட்டை என் மடியில் விழுந்தது.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "தங்கச்சி, ரயில் பிந்தினது எண்டோ அவன் சொன்னவன்?"

"ஓம்."

நானே கணக்குப் பார்த்தேன். ரயில் அரை மணிக்கு ஒன்று. என்ரை மனுசன் வந்து இறங்கினது ஐந்து மணிக்கு முன்னே. நடக்க இருபத்தைந்து, திரும்ப இருபத்தைந்து, ரயிலில் வீட்டுக்கு வர முக்கால் மணி. அதுக்கும் மேலே அரை மணிக்குக் கிட்ட இந்த மணலில் இருந்திருக்கிறார். இந்த நாட்டில் பதினொரு வருசம், வேலைக்கும் வீட்டுக்கும் விசாக் கடதாசி அலுவலுக்கும் தவிர அவர் ஓரிடமும் போகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் போயிருக்கிறார். அதைச் சொல்லப் பயந்து, ரயிலின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். என் வாய்க்குப் பயந்து.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியில் போனால் பூவும் நெற்றும் சேர்த்துப் பார்க்கலாம். செடியைப் பிடுங்காதீர்கள். கொட்டை நஞ்சு, பயறு என்று நினைத்து அவித்துவிடாதீர்கள். தண்ணி கொண்டு போங்கள், அங்கே கடை இல்லை. வீட்டில் யாராவது காத்திருந்தால், எங்கே நிற்கிறோம் என்று ஒரு போன் எடுத்துச் சொல்லிவிட்டு, ஆறுதலாக இருந்து பாருங்கள். காத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று: பிந்தி வருகிறவர் கையை நீட்டினால், முதலில் கையைப் பாருங்கள்.