மஞ்சள் துணி

கார்க் கதவைச் சாத்திய கையோடு, தன் விரல் பட்ட இடத்தைத் தானே துடைத்துவிடுவார் உஸ்தா வகீஹ். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி. அடுத்தவர் விரல் என்றால், துடைப்பதற்கு முன் ஒரு முறைப்பும் உண்டு. "கண்ணால பாருங்கப்பா, கை எதுக்கு?"

எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில், முஹர்ரம் பே என்னும் பேட்டையில் இருக்கிறது அவர் பட்டறை; உஸ்தா என்றால் அங்கே தொழில் தெரிந்த மேஸ்திரி. கூரை மடங்கும் அந்தப் பழைய ஷெவர்லே, பழைய இரும்புக் கடையில் கோழிகள் அடையும் கூண்டாகக் கிடந்தது. அதை இழுத்து வந்து, துருவைச் சுரண்டி, தகடு தட்டி, மாதுளை நிறம் ஏற்றி, பளபளவென்று நிறுத்தியிருக்கிறார். தூங்கும் குழந்தையின் தொப்பியைக் கழற்றுவதுபோலத்தான் கூரையை மடக்குவார்.

அது விற்றால்தான் மகன் ஹாஸிமுக்குக் கல்யாணம். வீடு தயாராகாமல் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று பெண்வீட்டார் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். வீட்டுக்கு இன்னும் கதவே போடவில்லை. காரை வாங்க வந்தவர்களோ, தங்கள் விரலுக்குப் பின்னாலேயே மஞ்சள் துணி வருவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"தொடாம வாங்கறதுக்கு அது என்ன நிலாவா? உங்க துணியாலதான் என் புள்ள கல்யாணமாகாம நிக்கிறான்!" என்பாள் மனைவி இன்ஷிராஹ்.

மீன் வியாபாரி ஹாஜி அப்துல் வாரிஸ் பார்க்க வந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். தேநீர்த் தட்டைக் கணவரின் இரண்டு கையிலும் திணித்து, "கீழ வைக்காதீங்க, ஈ மொய்க்கும்" என்றாள். ஹாஜி கதவைத் தடவினார், விளக்கைத் தட்டினார், இருக்கையில் ஏறிக் குதித்தே பார்த்தார். தட்டில் தம்ளர்கள் கிடுகிடுத்தன.

"என்ன உஸ்தா, குளிர் ஜுரமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஹாஜி. நீங்க நல்லாப் பாருங்க."

பேரம் படிந்தது.

மறுநாள் வண்டியை எடுக்க ஹாஜி ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். கண்ணேறு கழிக்காமல் புது வண்டியை யார் ஓட்டுவார்கள்? வாசலில் ஆட்டை அறுத்து, ரத்தத்தில் கையை முக்கி, "பிஸ்மில்லா" என்று மாதுளை நிறக் கதவில் அழுத்தினார். உஸ்தா காணாத வழக்கமில்லை. எத்தனையோ வண்டிக்கு அவரே செய்திருக்கிறார். இருந்தும் பாவம், கதவருகே ஓரடி போய்விட்டார். விரல் தடத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது.

"ஏங்க, வேணாங்க!" என்று இன்ஷிராஹ் பதறினாள்.

ஹாஜியின் முகம் இறுகிவிட்டது. "கைய அழிச்சீங்கன்னா வியாபாரமே வேணாம், உஸ்தா."

உஸ்தா குனிந்தார். துணி நுனியை விரலில் சுற்றி, வழிந்த சொட்டை மட்டும் ஒற்றியெடுத்தார். ஐந்து விரலும் அப்படியே கதவில் இருந்தன. பிறகு துணியை, கறை உள்ளே போகும்படி நாலாக மடித்து, ஹாஜியின் சுத்தமான கையில் வைத்தார்.